மூடிப்போன கேசினோவின் சிப் ஒன்று (பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லை) என்னிடம் இருக்கிறது, அபூர்வம் என்கிறார்கள். நல்ல விலைக்குப் போகுமா?

போகலாம். ஆனால் "அபூர்வம்" என்று உங்களிடம் சொன்னது யார்? வாங்க வந்தவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். நானும் அந்த வார்த்தையை நம்பி அசடு வழிந்தவன்தான்.

சூதாடிக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் பின்னூட்டத்தில் திட்டிவிடாதீர்கள். பினாங்கில் பிறந்து ஐம்பத்து நாலு வயதாகிறது. கேசினோ இருக்கும் கெந்திங் மலைக்கு இரண்டே முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றத்தான்.

அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் லாங் பீச்சில் கப்பல் நின்றபோது கூட்டாளிகளோடு பஸ் ஏறி லாஸ் வேகஸ் பார்த்துவிட்டு வந்தார். அவர் போன பிறகு சாமான்களைப் பிரித்ததில் அண்ணனுக்கு சீக்கோ வாட்ச். இன்றுவரை ஒருநாள்கூட அதைக் கட்டியதில்லை. கேட்டால் "அப்பா ஞாபகம்" என்பார். ஆஸ்பத்திரித் தரையில் பதினேழு ராத்திரி படுத்தவன் நான். எனக்கு ஒரு பிஸ்கட் டின். சரி, விடுங்கள்.

டின்னுக்குள் மூன்று சிப். ட்யூன்ஸ் கேசினோவின் 5 டாலர் ஒன்று. நெடுஞ்சாலையோரத்துச் சின்னக் கேசினோ ஒன்றின் 5 டாலர், ஒரே மாதிரி இரண்டு.

ட்யூன்ஸ் 1955இல் திறந்தது. 1993 ஜனவரியில் மூடி, அந்த அக்டோபரிலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில்தான் இப்போது பெல்லாஜியோ ஹோட்டல் நிற்கிறது. இனி வரவே வராத பொருளாயிற்றே, 1,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) பெறும் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தைக்குக் கொண்டுபோனேன். பழைய நாணயம் விற்கும் சீன அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "பானியாக் அடா லா, ஆனே." நிறையக் கிடக்கிறதாம். இருபது வெள்ளி தருகிறேன் என்றார்.

கோபம் வந்தது. ஆனால் மனுஷர் சொன்னது சரி. அப்பாவைப் போல 5 டாலரை ஞாபகத்துக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். 100 டாலரை யார் அப்படி விடுவார்? காசாக்கிக்கொண்டுதான் கிளம்புவார். கேசினோவுக்குத் திரும்பியதையெல்லாம் மூடியபின் அழித்துவிடுவார்கள். அதனால்தான் பெரிய தொகைச் சிப் அகப்படுவதில்லை, சின்னத் தொகை எங்கும் கிடக்கிறது.

அங்கிள் அதோடு விடவில்லை. ஒரு பீங்கான் வில்லையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சீனாவில் செய்து, 19ஆம் நூற்றாண்டில் சயாம் சூதாட்டக் கூடங்களில் புழங்கியது. கூடத்துக்குக் கூடம் வேறு வடிவம், வேறு எழுத்து. அச்சாக அதே போல இன்னொன்று தேடினால் சுலபத்தில் அகப்படாது. விலை 15 வெள்ளி! என் சிப்பைவிட அரிது, கேட்பாரில்லை.

பிறகு அந்தச் சின்னக் கேசினோ சிப் ஒன்றை இணைய ஏலத்தில் போட்டேன். இரண்டு அமெரிக்கர்கள் மல்லுக்கட்டி 310 வெள்ளிக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதமே இரண்டாவதையும் போட்டேன். 48 வெள்ளி. ஜெயித்தவருக்கு இன்னொன்று எதற்கு? தோற்றவர் மட்டும் மிச்சம், அவரோடு போட்டி போட ஆளில்லை. உலகத்திலேயே அந்தச் சிப்புக்கு இரண்டே பேர்தான் இருந்திருக்கிறார்கள். படம் சரியில்லை, நேரம் சரியில்லை என்று யாராவது சொல்லக்கூடும். அதே வெளிச்சம், அதே மேசைவிரிப்பு, விவரத்தில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

நீங்கள் எந்தக் கேசினோ, எத்தனை டாலர் என்று எழுதவில்லை. விற்பவர்கள் கேட்கிற விலையைப் பார்த்துக் கனவு காணாமல், முடிந்த ஏலங்களில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். 'லிமிடெட் எடிஷன்' என்று அச்சிட்டிருந்தால் இன்னும் ஜாக்கிரதை. சேகரிப்பவர்களுக்கென்றே செய்தது, வாங்கியவர்கள் எல்லாரும் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள். தயவுசெய்து சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய களிமண் கலவைச் சிப்பில் விளிம்பு மழுங்காமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ட்யூன்ஸ் சிப்பை நான் விற்கவில்லை. போன தீபாவளிக்கு வந்த அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குக் கொடுத்துடேன் என்றார். வாட்ச்சை எடுத்துட்டு வாங்க என்றேன். யோசிக்கிறாராம்.