பேனரில் இல்லாத இலக்குகள்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகம் நீடித்த வளர்ச்சிக்கான உலகத் தரவரிசையில் இடம்பிடித்துவிட்டதாம், வளாகம் முழுக்க பேனர். எல்லா மாணவர்களுக்கும் அதில் ஒரு கட்டாயப் பாடமும் வந்துவிட்டது. பல்கலைக்கழக ஆய்வாலும் பாடத்தாலும் உண்மையில் ஏதாவது மாறுமா, எல்லாம் விளம்பரம்தானா?
- ஒரு முதுகலை மாணவர்

பதில்: பேனர் விளம்பரம்தான். 'டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்' என்ற பிரிட்டிஷ் உயர்கல்வி இதழ் 2019இல் தொடங்கிய இந்தத் தரவரிசைக்கு 2020இல் வகுத்த முறையைப் பாருங்கள். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றில் கடைசி இலக்கான 'இலக்குகளுக்கான கூட்டாண்மை' கட்டாயம். மற்ற 16இல் அதிக மதிப்பெண் வந்த மூன்றை மட்டும் சேர்த்தால் மொத்த மதிப்பெண் தயார். கோட்டைவிட்ட பாடங்களை விட்டுவிட்டு மார்க் ஷீட் அச்சடிக்கும் வசதி உங்களுக்கு உண்டா?

ஆனால் ஆய்வை அப்படித் தள்ளிவிடாதீர்கள். 1974இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இருவர், ஸ்ப்ரே டப்பாவிலும் ஃப்ரிட்ஜிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். கட்டுரை வெளிவந்ததும் அடுத்த கட்டுரைக்குப் போய்விடவில்லை. அந்த வாயுக்களை நிறுத்துங்கள் என்று வெளியே வந்து பேசினார்கள். தயாரிப்பு நிறுவனங்கள் பாய்ந்தன. 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் துளை தெரியவந்தது. 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இருவருக்கும் நோபல் கிடைக்க 1995 ஆனது. இத்தனைக்கும் அவர்கள் வேதியியல்காரர்கள். 'நீடித்த வளர்ச்சி மையம்' என்று எந்தப் பலகையும் மாட்டிக்கொள்ளவில்லை!

உங்கள் கட்டாயப் பாடத்தில் எனக்கு இருக்கும் சந்தேகமும் இதுதான். 1990இல் பிரான்சின் தலுவார் ஊரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள், பட்டதாரிகள் எல்லோருக்கும் சூழல் அறிவு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். சரி, நல்லது. அதை ஒரே தாளில் அடக்கி, 17 இலக்குகளையும் வரிசையாக எழுதச் சொன்னால் யாருக்கு என்ன லாபம்? சிவில் மாணவர் கான்கிரீட்டின் வலிமையைக் கணக்கிடும்போதே, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகையில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும் கணக்கிடட்டும். வணிகவியலில் ஆலைக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவு கணக்கேட்டுக்குள் வரட்டும். இதற்குத் தனிப்பாடம் எதற்கு? அந்தந்தப் பேராசிரியர் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும். வேலை அதிகம், பேனரிலும் போட முடியாது.

ஒன்று செய்யுங்கள். மொத்த மதிப்பெண்ணில் சேராத 13 இலக்குகளில் உங்கள் பல்கலைக்கழகத்தின் நிலை என்ன என்று பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.