ஒரு போர், மூன்று தேதிகள்

கேள்வி: என் மகள் கல்லூரி வினாடி வினாவுக்காக ஐரோப்பிய வரலாறு படிக்கிறாள். 1700-இல் ஸ்வீடனும் ரஷ்யாவும் மோதிய நார்வா போர் ஒரு புத்தகத்தில் நவம்பர் 19, இன்னொன்றில் 20, மூன்றாவதில் 30 என்று இருக்கிறது. அச்சுப்பிழை என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார் என் கணவர். அவள் எதைத்தான் மனப்பாடம் செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் கணவர் கையிலிருக்கும் பேனாவை வாங்கி வையுங்கள். மூன்றுமே சரிதான்.

போர் நடந்தது ஒரே நாள். பனிப்புயல் ரஷ்யர்களின் முகத்தில் அறைய, 18 வயது மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் ஸ்வீடன் படை தன்னைவிட மூன்று மடங்கு பெரிய படையைச் சிதறடித்தது. அன்று ரஷ்யர் கணக்கில் தேதி 19, ஸ்வீடன்காரர் கணக்கில் 20, பாரிஸிலோ ரோமிலோ இருந்தவருக்கு 30.

ஜூலியஸ் சீசரின் பழைய காலண்டரில் நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு, விதிவிலக்கே கிடையாது. அதனால் லீப் நாட்கள் கூடிப்போய், காலண்டர் பருவங்களுக்குப் பின்தங்கிவிட்டது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாட்களைத் தூக்கினார். 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் இனி லீப் இல்லை என்றார். 1600 வகுபடும், அதனால் சிக்கல் வரவில்லை. 1700 வகுபடாது. பழைய காலண்டருக்கும் புதியதற்கும் இருந்த பத்து நாள் இடைவெளி பதினொன்றாக ஆகப்போகிற நேரத்தில்தான், போப் சொன்னதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முறுக்கிக்கொண்டிருந்த ஜெர்மன் புராட்டஸ்டண்ட் பகுதிகளும் டென்மார்க்கும் இறங்கிவந்தன. அங்கே 1700 பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1. (பெர்லின் ஆட்சியாளர் இதிலும் ஒரு வருமானம் பார்த்தார். காலண்டர் விற்கும் ஏகபோக உரிமையைப் புதிதாகத் தொடங்கிய அறிவியல் கழகத்துக்குக் கொடுத்து, அந்தக் காசிலேயே அதை நடத்தவைத்தார்.)

ரஷ்யாவில் வேறு கதை. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணி 7208 என்று ஓடிக்கொண்டிருந்த ஆண்டை மகா பீட்டர் நான்கே மாதத்தில் முடித்து, ஜனவரி 1 முதல் 1700 என்று ஆணையிட்டார். வாசலில் பைன் கிளை கட்டிக் கொண்டாடவும் சொன்னார். ஆனால் நாள் கணக்கு மட்டும் பழைய சீசர் கணக்கே.

எனக்குப் பிடித்தது ஸ்வீடன்தான். பதினொரு நாளை ஒரேயடியாகத் தாண்ட மனமில்லை. 1700 முதல் 1740 வரை வரும் பதினொரு லீப் நாட்களையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டால் வலிக்காமல் போய்ச் சேரலாம் என்று திட்டம். 1700-இல் ஒன்றை விட்டார்கள். அப்புறம் போர் வந்தது. 1704-லும் 1708-லும் லீப் நாள் பாட்டுக்கு வந்துபோனது. பழைய கணக்குக்கு ஒரு நாள் முன்னே, புதுக் கணக்குக்குப் பத்து நாள் பின்னே என்று எவரோடும் ஒட்டாமல் நின்றது நாடு. கடைசியில் சார்லஸே சலித்துப்போய்ப் பழைய காலண்டருக்குத் திரும்பினார். விட்டுப்போன ஒரு நாளைச் சேர்க்க, 1712-இல் ஸ்வீடனில் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் வந்தது! அன்று பிறந்த குழந்தைக்கு மறுபடி பிறந்தநாளே கிடையாது. புதுக் காலண்டருக்கு அவர்கள் முழுசாக மாறியது 1753-இல்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். தேதிகளை உருப்போடுவதைவிட இடைவெளியை நினைவில் வைப்பது சுலபம். 1700 வரை 10 நாள், அதன்பின் 11, 1800-க்குப் பின் 12, 1900-க்குப் பின் 13. அக்டோபர் புரட்சி நவம்பர் 7-இல் வருவது இந்தப் பதின்மூன்றால்தான். இன்னொன்று, இந்த மாற்றங்களில் தேதி தாவியதே தவிர கிழமை தாவவில்லை. 1582-இல் அக்டோபர் 4 வியாழன், மறுநாள் 15 வெள்ளி. நார்வா போரும் மூன்று கணக்கிலும் செவ்வாய்க்கிழமைதான். சந்தேகம் வந்தால் கிழமையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போட்டியில் நவம்பர் 30 என்றே சொல்லட்டும், இன்றைய காலண்டர் அதுதான். கேட்பவர் கையில் 19 இருந்து, தவறு என்றால், "எந்தக் காலண்டரில், சார்?" என்று கேட்கலாம்.

உங்கள் கணவர் எழுதியே தீருவேன் என்றால், எந்தக் காலண்டர் என்று புத்தகத்தில் ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டு எழுதட்டும். அது நியாயமான புகார்.