ஆஸ்பத்திரியில் தோட்டம், ஓவியம், கஷாயம்: நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்

முப்பது வருடம் நர்ஸ் வேலை, அதில் கடைசிப் பத்து வருடம் தொற்றுத் தடுப்புப் பிரிவில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு): ஜன்னலில் மரம் தெரிந்தால் ஆபரேஷன் புண் சீக்கிரம் ஆறுமாமே அக்கா?

இந்தப் பேச்சுக்கு மூலமான ஆய்வில் புண் ஆறுவதை அளக்கவில்லை. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, வயது முதலியவை ஒத்துப்போகிறவர்களாக 23 ஜோடி சேர்த்தார். ஜோடியில் ஒருவருக்கு ஜன்னலில் மரம், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு போனார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். முக்கால் நாள்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு: மரம் பார்த்தவர்கள் கடுமையான வலி மருந்தைக் குறைவாகக் கேட்டார்கள், அழுகிறார், ரொம்பத் தேற்ற வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி நர்ஸ் குறிப்புகளும் அவர்களுக்குக் குறைவு. ராத்திரி டியூட்டி பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். ஆனால் மொத்தமே 46 பேர். இதை வைத்து மரம்தான் மருந்து என்று போஸ்டர் அடிக்காதீர்கள்.

கேள்வி (மதுரை): அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. கூடவே நிலவேம்புக் கஷாயம் தரலாமா?

புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். சில மூலிகைகள், மருந்தைக் கல்லீரல் செரிக்கும் வேகத்தையே மாற்றிவிடும். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி (சேலம்): கீமோவுக்கு அருகம்புல் சாறு?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (கோவை): எங்கள் நர்சிங் ஹோமில் தோட்டம் போடப் போகிறோம். வரவேற்பறையில் நீரூற்றும் வைக்கலாமா?

நீரூற்று வேண்டவே வேண்டாம். 2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு மருத்துவமனை லாபியில் அலங்கார நீரூற்றிலிருந்து 8 பேருக்கு லீஜியனேர்ஸ் என்கிற, தண்ணீரில் வளரும் கிருமியால் வரும் நிமோனியா வந்தது. தெறிக்கும் பொடித்துளியில் கிருமி வரும்.

தோட்டம் போடுங்கள். சிங்கப்பூர் யீஷூனில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையைப் பாருங்கள். பக்கத்தில் ஏரி, மாடியில் காய்கறித் தோட்டம், வேலை செய்யத் தொண்டர்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது, அதுதான் விஷயம். நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில் திறப்பு விழாவுக்காகப் புல்தரை போட்டார்கள். ஆறே மாதத்தில் கேட்டுக்குப் பூட்டு, சாவி செக்யூரிட்டியிடம். உள்ளே பெஞ்ச் சும்மா கிடக்க, நோயாளியின் வீட்டார் மாடிப்படியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரித்தார்கள். நிழல், கைப்பிடி உள்ள பெஞ்ச், வீல்சேர் போக ஜல்லி போடாத பாதை, பக்கத்திலேயே கழிப்பறை. முதலில் இவை, அப்புறம் ரோஜா. அரளி மட்டும் வைக்காதீர்கள், அத்தனையும் விஷம்.

கேள்வி (நாகர்கோவில்): பாட்டி புற்றுநோய் வார்டில். பூந்தொட்டி கொண்டுபோகலாமா?

கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு ரத்தத்தில் குறைந்திருக்கும்போது மண்ணும் கூடாது, பூச்சாடித் தண்ணீரும் கூடாது. மண்ணில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குள் போகும். ஒரு போட்டோ கொண்டுபோங்கள்.

கேள்வி (ஓவியர், சென்னை): ஐ.சி.யூவில் நவீன ஓவியம் வைக்கக் கேட்டால் இயற்கைக் காட்சிதான் வேண்டும் என்கிறார்கள். இது என்ன ரசனை?

ரசனை இல்லை தம்பி. அதே உல்ரிச் குழு ஸ்வீடனில் உப்சலாவில் இதய ஆபரேஷன் ஆனவர்களுக்குப் படங்கள் காட்டிப் பார்த்தது. நீரும் மரமும் உள்ள படம் பதற்றத்தைக் குறைத்தது. நேர்கோடுகள் நிறைந்த அரூபப் படத்துக்குப் படமே இல்லாதது மேல்.

ஓவியர்: ஓவியம் என்ன தூக்க மாத்திரையா?

தஞ்சை வாசகி: சாமி படம் மாட்டினால் போதும்.

ஓவியர்: எந்தச் சாமி என்று அடுத்த சண்டை வரும்!

சண்டையை நிறுத்துங்கள். தம்பி, உங்கள் படத்தை வராந்தாவில் மாட்டுங்கள். பிடிக்காதவர் தாண்டிப் போகலாம். ஐ.சி.யூவில் படுத்திருப்பவருக்குக் கழுத்தைத் திருப்பக்கூட முடியாது. எங்கே மாட்டினாலும் ஈரத்துணியால் துடைக்க முடிய வேண்டும். இன்னொன்று: எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஸ்ட்ரெச்சரில் போகிறவர் பார்ப்பது மேலே டியூப்லைட்டையும் ஒட்டடையையும்தான்.

கேள்வி (திருச்சி): வாந்திக்கு அக்குபிரஷர்?

உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள். ஓரளவு குமட்டல் அடங்குகிறது. வாந்தி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (வேலூர்): இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். மஞ்சள் கேப்ஸ்யூல்?

குழம்பு மஞ்சள் பரவாயில்லை. கேப்ஸ்யூலால் இரத்தக்கசிவு வரலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (கரூர்): கீமோவின்போது கற்றாழைச் சாறு...

மேலே பாருங்கள். மதுரை, சேலம், இப்போது கரூர்.

ஓவியர்: அக்கா, மேற்கூரையில் என்ன வரையலாம்?

ஒரு மத்தியானம் வேப்பமரத்தடியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். வரையும்போது வார்டு காலியாக இருக்கட்டும், பெயின்ட் வாடை ஆகாது.