மாவுக்கட்டும் சாட்சிக் கையெழுத்தும்

அன்புள்ள ஐயா,

விசாரணைக் கைதிகள் காவல் நிலையங்களில் தாக்கப்படுவதைக் கண்டித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். 2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டையில் நீதிமன்ற வாசலிலேயே, பட்டப்பகலில், ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அப்படிச் செய்கிறவனுக்கும் குண்டு வைக்கிறவனுக்கும் என்ன உரிமை வேண்டிக்கிடக்கிறது? கையில் மாவுக்கட்டோடு ரவுடிகளின் படம் வாட்ஸ்அப்பில் வரும்போது, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு மனம் நிறைகிறது. போலீசாரும் முறை தெரியாதவர்கள் இல்லை. சென்ற மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பிடித்தபோது, ஊரில் மதிப்புள்ளவர் என்று என்னைத் தேடிவந்து ஒரு தாளில் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்கள். செத்தவனுக்காக உங்களைப் போன்றவர்கள் எழுதுவதில்லை என்பதே என் வருத்தம்.

ச., தாழையூத்து

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மனம் நிறைகிறது என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறைவு எனக்கும் வந்ததுண்டு என்பதால், மேலே நின்றுகொண்டு உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தப் படத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். காலையில் பிடிபட்டவன் மாலையில் கட்டோடு நிற்கிறான். கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று கீழே எழுதியிருக்கிறது. காவல் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, காவலர்கள் விழமாட்டார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. எனக்கு உறுத்துவது வேறொன்று. கட்டுப் போட்ட அந்தக் கைதான் அரிவாளைப் பிடித்த கை என்பதை அந்த ஒரு பகலுக்குள் யார் விசாரித்து முடித்தார்கள்? பிடித்தவரே விசாரித்து, தீர்ப்புச் சொல்லி, தண்டனையையும் நிறைவேற்றிவிட்டார். நாம் அதைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வழக்கறிஞரான நண்பருடன் ஒரு மாஜிஸ்திரேட் வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு மேல் போயிருந்தேன். ரிமாண்டுக்காக, அதாவது சிறைக்காவலில் வைக்க உத்தரவு வாங்குவதற்காக, ஒரு பையனைக் கூட்டிவந்திருந்தார்கள், பத்தொன்பது வயதிருக்கும். காலில் செருப்பில்லை. வாசற்படியில் கால் வைக்கும்போது பாதத்தை முழுவதும் ஊன்றாமல் விளிம்பால் நடந்தான். "அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பையன் அவரைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற ஏட்டையாவைப் பார்த்து, "இல்ல சார், நல்லாத்தான் வச்சிருந்தாவ" என்றான். பதில் எழுதப்பட்டது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அவன் திருடினானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் அடிபட்டிருந்தான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் பிடித்தது கொலைக்கோ குண்டுவெடிப்புக்கோ அல்ல. ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்துவைத்திருந்தார்கள் என்று சொல்லி. அவர்களுக்கு உடல்தகுதிச் சான்றிதழும் இருந்தது, ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குப் போன இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த நிலையத்திலேயே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் கண்டதைச் சொல்லத் துணியாமல் இருந்திருந்தால், இதுவும் ஒரு வழுக்கி விழுந்த கதையாகவே கோப்பில் மூடப்பட்டிருக்கும். 2023-இல் அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் நிலையங்களில் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் வந்து, உதவிக் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ரவுடியை அடிக்க என்று நாம் கொடுத்த அனுமதி கடைக்காரர் மேலும் பாயும்; ரவுடிக்கென்று காவல் நிலையத்தில் தனி அறை கிடையாது.

பயங்கரவாதம் வேறல்லவா என்பீர்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். அதைவிடக் கொடிய செயலைத் தமிழ்நாடு பார்த்ததில்லை என்று அன்று எல்லோரும் நினைத்தோம். 1998 ஜனவரியில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், கொலைச் சதியில் பங்கில்லை என்று அவர்களுள் 19 பேரை விடுவித்தது. மேல்முறையீடு என்ற உரிமை பயங்கரவாதிக்கு எதற்கு என்று அன்றைய நம் கோபத்தைக் கேட்டு முடிவு செய்திருந்தால், அந்தப் பத்தொன்பது பேரின் கதி என்ன? காவலரிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே வந்த விதி; வெள்ளைக்காரன் தன் போலீசையே நம்பாமல் எழுதிவைத்தது. தடா அதைத் தள்ளிவைத்து, உயர் அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது. பிறகு வந்த பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும் அதையே செய்தது.

பொடா என்றதும் நம் பக்கத்து ஆள் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கலிங்கப்பட்டிக்காரரான வைகோ, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் பொடாவில் கைதாகி, வேலூர்ச் சிறையில் 19 மாதங்கள் இருந்தார். அதே ஆண்டு மார்ச்சில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது. சட்டம் இயற்றுகிறவர்கள் அது யார் மேல் பாயும் என்று ஒரு முகத்தை மனத்தில் வைத்துத்தான் இயற்றுகிறார்கள். அந்த முகம் தம்முடையதாக இருக்கும் என்று யாரும் எண்ணுவதில்லை. மும்பைத் தாக்குதலில் துப்பாக்கியோடு பிடிபட்ட கசாபுக்கும் வழக்கறிஞர் கொடுத்து, உச்ச நீதிமன்றம் வரை கேட்டு, 2012 நவம்பரில்தான் தூக்கிலிட்டார்கள். அதனால் நாடு ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. அதே வழக்கில் உடந்தை என்று சேர்க்கப்பட்டிருந்த இரண்டு இந்தியர்கள், சான்று போதாது என்று மூன்று நீதிமன்றங்களிலும் விடுதலை பெற்றார்கள் என்பது கசாப் அளவுக்குப் பேசப்படவில்லை.

செத்தவனுக்காக எழுதவில்லை என்ற உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் செத்தவன் வீட்டாருக்கு வேண்டியது மாவுக்கட்டுப் படமா? நம் மாவட்டத்தில் கொலை வழக்குகள் தோற்பது குற்றவாளிக்கு உரிமை அதிகம் என்பதால் அல்ல; சாட்சி சொல்ல ஆள் நிற்காததால். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது. சாட்சிக் கூண்டேறப் போகிறவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்வார் உண்டா, கேட்டுப் பாருங்கள். குண்டாஸ் என்னும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கதையும் இதுதான். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கு விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அந்த உத்தரவோடு கைதிக்குக் கொடுக்கும் ஜெராக்ஸ் பக்கங்கள் படிக்க முடியாமல் மங்கலாக இருந்தன என்பதற்காகவே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உத்தரவுகள் ரத்தாகின்றன. கோர்ட் விட்டுவிட்டது என்று நாம் திட்டுகிறோம். ஒரு ஜெராக்ஸ் பக்கத்தை ஒழுங்காக எடுக்காதவர்களைத் திட்டுவதில்லை.

கடைசியாக, நீங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாள். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். அரெஸ்ட் மெமோ என்பார்கள். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி, கைதான நாளும் நேரமும் எழுதப்பட்டு, குடும்பத்தாரோ அவ்வூரின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் அந்த மதிப்புள்ள ஒருவர். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு, அந்தத் தாளில் எழுதிய நேரத்திலிருந்துதான் நடைமுறையில் எண்ணப்படுகிறது. நீங்கள் பேனாவை எடுத்தபோது நேரம் குறிக்கும் இடம் நிரப்பப்பட்டிருந்ததா, வெற்றாக இருந்ததா? பையனை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, அல்லது அவன் ஏற்கெனவே ஜீப்பில் போய்விட்டிருந்தானா? நினைவிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.