பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின்: காசை நீட்டும் முன் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. ஊர் கம்பம். வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகவர பழைய மகிந்திரா எம்எம் 540, ஃபோர் வீல், பெஜோ டீசல் எஞ்சின் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பதிவு. ரெண்டு மாதமாக மெட்டு ஏறும்போது சூடாகிறது, தண்ணீர் குறைகிறது. போன வாரம் ஆயில் குச்சியை எடுத்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. மெக்கானிக் "எஞ்சின் போச்சு" என்கிறார். குமுளியில் தெரிந்தவரிடம் கமாண்டர் டிஐ (டீசலை நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சுகிற எஞ்சின்) ஜீப் ஒன்று நிற்கிறது. டூ வீல் டிரைவ், கேரளப் பதிவு, பாடி முழுக்கத் துரு, எஞ்சின் மட்டும் நல்லா இருக்கிறது. அதை வாங்கி எஞ்சினை மாற்றிவிடலாமா? எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடியணும்.

பதில்: இப்போதைக்குக் கமாண்டரை வாங்காதீர்கள். உங்கள் எஞ்சின் போய்விட்டது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

ஆயிலில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம் வரும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர் இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட் வளைந்திருக்கலாம், ஹெட்டில் விரிசல் விட்டிருக்கலாம், பிளாக் பக்கமும் கோளாறு இருக்கலாம். முதல் மூன்றும் ஹெட்டோடு முடிகிற வேலை. உங்களுடைய பெஜோ எஞ்சினில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சப்படுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கிற சின்ன அறையில்தான் முதலில் பற்றுகிறது. அதனால் ஹெட் வாங்குகிற சூடு அதிகம். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் மெட்டு ஏறினால் ஹெட் தாங்காது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்து பாருங்கள். விரிசல் இல்லை, வளைவு மட்டும்தான் என்றால் ஃபேசிங் அடித்து (மட்டமாகக் கடைந்து), வால்வு உட்கார வைத்து, புது கேஸ்கட் போட்டு மூடிவிடலாம். விரிசல் என்றாலும் வேறொரு ஹெட் தேடுவது வேறொரு எஞ்சின் தேடுவதைவிட மலிவு.

அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. இப்போது ஹெட் வேலையோடு நிற்கிற செலவு, இன்னும் நாலு முறை மெட்டு ஏறினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) வரை போய்விடும். சம்ப்பையும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி ரெண்டு பேரிங் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிராங்கில் விரல் நகம் சிக்குகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். சிலிண்டர் போர் தேய்மானத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இந்த மூன்று அளவும் கையில் வந்த பிறகுதான் "எஞ்சின் போச்சா இல்லையா" என்று பேச முடியும்.

சரி, போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கமாண்டர் டிஐ எஞ்சின் மேல் உங்களுக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. மலைக்காட்டு ஜீப்காரர்கள் பலருக்கும் அந்த எஞ்சின் மேல் ஒரு பிரியம் உண்டு. அது இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சின் வம்சம்: போர் (சிலிண்டர் விட்டம்) 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6, மொத்தம் 2,523 சிசி. ஸ்ட்ரோக் நீளம் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும். உங்கள் பெஜோ 2,112 சிசி. போர் 90, ஸ்ட்ரோக் 83. சுற்று ஏறினால்தான் அதற்கு உயிர் வரும். சேற்றில் லோ கியரில் மெதுவாக ஊர்ந்து ஏறுவதற்கு டிஐ சுகம்தான். மார்கழிக் குளிரில் ஹீட்டர் பிளக்கோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

சிக்கல் ரோட்டுக்கு வந்ததும் தெரியும். டிஐ எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்றோடு நின்றுவிடும். பெஜோ 4,000-ஐத் தாண்டியும் போகும். உங்கள் ஹவுசிங்கில் (அச்சுக் கூட்டில்) இருக்கிற கிரௌன் பினியன் (சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கர ஜோடி) பெஜோவின் சுற்றுக்குப் பொருந்துகிற மாதிரி வந்தது. பழைய ஜீப்களில் 43-க்கு 8 பல் (5.38), 39-க்கு 8 பல் (4.88) என்ற விகிதங்கள் சகஜம். டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் ஓடும் என்று வைத்து, டாப் கியரில் கணக்குப் போடுங்கள். 4.88 ஹவுசிங்கோடு பெஜோ 4,000 சுற்றில் மணிக்கு 108 கிலோமீட்டர் வரும். அதே ஹவுசிங்கில் டிஐ 3,000 சுற்றில் 81. ஹவுசிங் 5.38 என்றால் 74-ஐத் தாண்டாது. அதுவும் எஞ்சின் கத்திக்கொண்டே போகிற வேகம். கம்பம், தேனி ரோட்டில் லாரி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. தினமும் ஊருக்கும் மலைக்கும் ஓடுகிறவருக்குப் பெரிய விஷயம்.

உங்கள் விகிதம் என்ன என்று பார்க்க ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டாம். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஃபோர் வீலை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் விட்டுவிடுங்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதைக் கையால் சரியாக ரெண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் (அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஏறக்குறைய ஐந்து என்றால் 4.88, ஐந்தரையை நெருங்கினால் 5.38.

"அப்போ கமாண்டர் ஹவுசிங்கையும் சேர்த்துப் போட்டுவிடலாமே" என்று பட்டறையில் ஒருவர் நிச்சயம் சொல்வார். டூ வீல் கமாண்டரில் பின் ஹவுசிங் மட்டும்தான் இருக்கும். பின்னால் ஒரு விகிதம், முன்னால் ஒரு விகிதம் என்று வைத்துக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் ரெண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். சேற்றில் சமாளிக்கும். கெட்டி ரோட்டில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பல் போகும். மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்து மாற்ற வேண்டும். முன் ஹவுசிங்குக்கான கிரௌன் பினியன் தேட ஆரம்பித்த அன்றைக்கே உங்கள் ஒரு லட்சம் முடிந்தது.

டூ வீல் வண்டி எஞ்சினை ஃபோர் வீலில் உட்கார வைப்பதில் இன்னும் சில முள் இருக்கிறது. கமாண்டர் கியர்பாக்ஸை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இடமில்லை. உங்கள் கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இருந்த இடத்தைவிட்டு அசைக்காமல், எஞ்சினை அதற்கு ஏற்றபடி கொண்டுவர வேண்டும். அப்போதுதான் ரெண்டு புரொப்பல்லர் ஷாஃப்டும் வெட்டாமல் ஒட்டாமல் பழைய நீளத்திலேயே நிற்கும். அதற்கு பெல் ஹவுசிங் (கிளட்சை மூடுகிற கூடு), ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட்டின் பல், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி உட்காருகிற பேரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். லேத்தில் ஒரு தட்டு கடைந்து நடுவில் வைக்கிறேன் என்பார்கள். தட்டின் மையம் கொஞ்சம் விலகினாலும் கிளட்ச் அதிரும், கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் போகும்.

எஞ்சின் உட்கார்ந்த பிறகு கீழே படுத்துப் பாருங்கள். சம்ப்புக்கும் முன் ஹவுசிங்குக்கும் இடையில், ஸ்பிரிங் பட்டை முழுசாக அமுங்கினாலும் இடிக்காத அளவு இடம் வேண்டும். நிற்கிற வண்டியில் இடைவெளி தெரியும். பள்ளத்தில் ஒரு முறை இறங்கினால் சம்ப் உடைந்துவிடும். சைலன்சர் குழாய் முன் ஷாஃப்டில் உரசாமல் போகணும். டிஐ கனமான எஞ்சின், முன் பட்டை இறங்கும். ஒரு பட்டை கூடுதலாகப் போட வேண்டிவரலாம்.

பிரேக்கைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். உங்கள் வண்டியில் பிரேக் பூஸ்டர் இருந்தால் அதற்கு வேக்குவம் வேண்டும். டீசல் எஞ்சின் பெட்ரோல் மாதிரி தானாக வேக்குவம் தராது. அதற்குத் தனியாக ஒரு பம்ப் ஓட வேண்டும், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும். புது எஞ்சினில் அது இல்லையென்றால், அல்லது குழாய் சரியாக மாட்டவில்லையென்றால், சமதரையில் ஓட்டிப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. கம்பம்மெட்டிலிருந்து ஆட்களை வைத்துக்கொண்டு இறங்கும்போது தெரியும்.

அப்புறம் காகிதம். இதை நான் இரும்பு வேலையைவிடப் பெரிதாக நினைக்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து மேலே போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும் என்று வைத்தார்கள். அந்தக் காலத்தில் பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கி ஆர்சியில் ஏற்றிக்கொண்டவர்கள் ரெண்டு மாநிலத்திலும் நிறைய. அதைக் காட்டி "நம்ம ஆர்டிஓ ஆபீஸில் செய்து தருவார்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2,112 சிசி வண்டிக்குள் 2,523 சிசி வேறு வகை எஞ்சின் என்பது எண் மாற்றம் மட்டுமில்லை, வண்டியின் விவரமே மாறுகிறது. ஆர்சியைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் எஞ்சின் எண்ணைப் பார்ப்பார். அதைவிட மோசம், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் பார்ப்பது.

ஆகவே ஒரு லட்சத்துக்கு என் வரிசை இதுதான். முதலில் ஹெட். அது போதாது என்றால் உங்கள் எஞ்சினையே முழுசாகப் பிரித்துக் கட்டுவது: போர், பிஸ்டன் செட், கிராங்க், நாசில், பம்ப் காலிபரேஷன். எண் மாறாது, ஆர்சி மாறாது, ஹவுசிங்கைத் தொட வேண்டாம். பிளாக்கே உடைந்திருந்தால் மட்டும் அதே மாடல், அதே பெஜோ எஞ்சின் தேடுங்கள். அப்போதும் மாற்றும் முன்பே ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்சியில் ஏற்றிவிடுங்கள்.

எஞ்சினைத் தனியாக வாங்குவதைவிட, துருப்பிடித்து நிற்கிற எம்எம் 540 ஒன்றை முழு வண்டியாக வாங்குவது லாபம். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையில் எஞ்சின் தனியாகக் கிடைக்கும். ஆனால் மவுண்டிங், ஸ்டார்ட்டர், ரேடியேட்டர், ஆக்சிலரேட்டர் கம்பி என்று ஒவ்வொன்றாக வாங்கினால் எஞ்சின் விலை இன்னொரு முறை ஆகிவிடும். முழு வண்டியில் எஞ்சின் ஓடுவதைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி. காலையில், அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய் நில்லுங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் சீக்கிரம் பிடிக்க வேண்டும். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம், புஸ்புஸ் என்று புகை தள்ளக் கூடாது. நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. கம்ப்ரஷன் பார்க்க முடிந்தால் எண் எவ்வளவு என்பதைவிட, நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்த வண்டி கேரளப் பதிவாக இருந்தால் அதன் ஆர்சியில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் அடித்திருக்கிற எண்ணும் ஒன்றா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். விற்பனை ரசீதில் எஞ்சின் எண், சேசிஸ் எண் ரெண்டும் இருக்கட்டும். எஞ்சினை எடுத்த பிறகு அந்தப் பதிவை ரத்து செய்ய அவர் கேரள ஆபீஸில் கொடுத்த மனுவின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். திருட்டு எஞ்சின் என்று பின்னால் யாரும் கதவைத் தட்டாமல் இருக்க அந்தக் காகிதங்கள்தான் துணை.

எதைச் செய்தாலும் ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஏற்றாதீர்கள். உங்களுக்கு எல்லாம் ஆரம்பித்ததே அங்கேதான் என்பது என் சந்தேகம். முதல் கியரில் மெட்டு ஏறும்போது காற்று முன்னாலிருந்து வராது, ஃபேன் இழுப்பதுதான் காற்று. ஃபேனைச் சுற்றியிருக்கும் தகரக்கூடு பல வண்டிகளில் எப்போதோ கழன்று போயிருக்கும். அதைத் திரும்ப மாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வைத்தியம், அதுவும் வேண்டாம். சூடு முள் வேலை செய்கிறதா என்று வெந்நீரில் சோதித்துவிட்டு, முதல் சில வாரம் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, கேஸ்கட்காரர் சொல்கிற அளவுக்கு ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சில் மறுபடியும் முறுக்கச் சொல்லுங்கள்.