பழைய கேஸ் ஸ்டேஷனில் முதல் டிரில்லிங்: புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, படிப்பு முடிந்து கலிஃபோர்னியாவில் சுற்றுச்சூழல் கன்சல்டிங் கம்பெனியில் சேர்ந்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் மூடிக் கிடக்கும் ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது நம் ஊர் பெட்ரோல் பங்கில், மண், நிலத்தடி நீர் சோதனை. ஃபீல்டில் எப்படி இருக்கும், வாடகை வீடு எங்கே பார்ப்பது, கார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கும் காருக்கும் பதில் சொல்ல இங்கே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். ஃபீல்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஃபீல்டில் வாயே திறக்க மாட்டார்கள். விசா கம்பெனி கையில் இருக்கிறதே என்ற பயம் ஒரு பக்கம், பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்ற வளர்ப்பு ஒரு பக்கம். நிலத்தில் துளை போடும் இயந்திரமான டிரில்லிங் ரிக் பக்கத்தில் அது ஆபத்து. ஏதோ சரியில்லை என்று பட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நேற்று சேர்ந்தவர் சொன்னாலும் ரிக் நிற்க வேண்டும்.

தோண்டும் இடத்தை வெள்ளை பெயின்டில் குறித்து, குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாக 811-க்குச் சொல்ல வேண்டும். தோண்டுவதற்கு முன் நிலத்தடி லைன்களைக் குறிக்கச் சொல்லும் தொலைபேசி எண் அது. மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம் என்று அந்தந்த நிறுவனத்தார் வந்து கோடு போட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவரவர் நிறுவனத்தின் லைனைத்தான் குறிப்பார்கள். இடத்துக்குள்ளே ஓடும் வயர், டேங்கிலிருந்து பம்புக்குப் போன பழைய பைப் எதுவும் அதில் வராது. அதற்குத் தனியாக ஆள் வைத்துத் தேட வேண்டும். அதற்குப் பிறகும் முதல் ஐந்தடியைக் கையால்தான் தோண்ட வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நான் வந்த புதிதில், என் மேலதிகாரி போனிலேயே விரட்டுவார்: சாயங்காலத்துக்குள் எல்லாத் துளையும் முடிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு நாள், பழைய பம்ப் மேடைக்குத் தள்ளி ஒரு மூலையில், கையால் திருகித் துளை போடும் ஹேண்ட் ஆகரைத் திருப்பிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் பழுப்புக் களிமண். இந்தத் துளையில் மட்டும் நாலடியில் பட்டாணி அளவு உருண்டைக் கூழாங்கல் வந்தது. டேங்க் புதைக்கும்போது சுற்றிலும் அந்த மாதிரிக் கல்லைக் கொட்டுவது உண்டு. வரைபடத்தில் அங்கே டேங்க் கிடையாது. டிரில்லர் வயதான மெக்ஸிகோக்காரர். ஆகரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நிறுத்தச் சொன்னேன். போனில் எனக்கு நல்ல ஏச்சு கிடைத்தது. பிறகு ரேடார் கருவியை ஓட்டிப் பார்த்தால், எந்தப் பதிவிலும் இல்லாத இரும்பு டேங்க் ஒன்று அடியில் கிடந்தது. ரிக்கை இறக்கியிருந்தால் அதன் மண்டையில்தான் இறங்கியிருக்கும்.

இப்படி மறந்துபோன டேங்க் ஒன்றும் அதிசயமில்லை. அந்தக் காலத்தில் பூச்சு எதுவும் இல்லாத வெறும் இரும்பைத்தான் புதைத்தார்கள். துருப்பிடித்து ஒழுகியது. டேங்கை மேம்படுத்து, மாற்று, இல்லையென்றால் மூடு என்று மத்திய அரசு 1998 டிசம்பர் 22-ஐக் கெடுவாக வைத்தது. செலவுக்குப் பயந்து பலர் கடையையே மூடினார்கள். கசிந்த பெட்ரோல் நிலத்தடி நீர்மேல் மிதக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது மண்ணில் ஒரு பட்டையாகப் படிந்துவிடும். அந்த ஆழத்து மண்ணை விட்டுவிடாதீர்கள். எம்டிபிஇ (MTBE) என்ற வேதிப்பொருள் கலந்த பெட்ரோல் இன்னும் மோசம். அது நீரில் எளிதாகக் கரைந்து வெகுதூரம் போகும். 1996-ல் சாண்டா மோனிகா நகரம் அதனால் கிணறுகளை மூடி, பாதித் தண்ணீரை இழந்தது. 2004 முதல் இந்த மாநிலத்தில் அதற்குத் தடை.

பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் இங்கே வரம்பு நூறு கோடியில் ஒரு பங்கு. அதனால் உங்கள் கை சுத்தம் முக்கியம். காருக்குப் பெட்ரோல் முந்தின நாளே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாற்றுங்கள். நீர் மாதிரிக்கான 40 மில்லி குப்பியை விளிம்பு ததும்ப நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி மேலே ஏறினாலும் அந்தக் குப்பி வேண்டாம், வேறு எடுங்கள். ஆவியாகும் பொருள் அந்தக் காற்றுக்குள் போய்விடும், ஆய்வகம் குறைத்துக் காட்டும். அப்புறம் நேராக ஐஸ் பெட்டிக்குள். படிவத்தில் எடுத்த நேரத்தை அப்போதே எழுதுங்கள், காருக்குப் போய் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம்.

இன்னொன்று. நம்மவர்கள் வீட்டு விசேஷங்களில் "இன்னும் மண்ணைத்தான் தோண்டுகிறாயா, ஐ.டி.க்கு மாறவில்லையா?" என்பார்கள். எனக்கு அது அந்த நாளில் ரொம்ப வலித்தது. அப்படிக் கேட்பவர்கள் குடிக்கும் தண்ணீருக்காகத்தான் இந்த வேலை. சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்லில் பெட்ரோல் வந்ததைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். எனக்கு மரியாதை கொடுத்தது அந்த டிரில்லர்தான். ஈரக் களிமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ரிப்பனாகத் தள்ளி, எவ்வளவு நீளத்தில் உடைகிறது என்று பார்த்து, மண்ணில் களி எவ்வளவு என்று கணிக்கக் கற்றுக்கொடுத்தார். கல்லூரியில் படித்திருந்தேன், கைக்கு வந்தது அவரிடம்தான். மதியம் அவர் டார்ட்டியாவும் என் எலுமிச்சை சாதமும் கைமாறும்.

போவதற்கு முன் மாநில நீர் வாரியத்தின் ஜியோட்ராக்கர் தளத்தில் அந்த முகவரியைப் போட்டு, பழைய அறிக்கைகள் இருந்தால் படித்துவிடுங்கள். பக்கத்து இடங்களுடையதையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்மூலையில் இன்னொரு கேஸ் ஸ்டேஷன் இருந்திருந்தால் நீங்கள் சோதனைக்குப் போடும் கிணற்றில் வருவது யாருடைய பெட்ரோல் என்ற சண்டை கட்டாயம் வரும்.