கடலில் கரைத்த 6,000 ரூபாய்

கேள்வி: உச்சிப்புளியில் இரண்டு வருடமாக குரூப் 4, போலீஸ் தேர்வுகளுக்கு கோச்சிங் சென்டர் நடத்துகிறேன். இப்போது 38 பேர் படிக்கிறார்கள். போன மாதம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் என் போஸ்டரைக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டும் 'பூஸ்ட்' 6,000 ரூபாய்க்குப் போட்டேன், ஊரைச் சுற்றி 40 கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தேன். மெசேஜ் நிறைய வந்தது. பாதிப் பேர் 'ஹலோ' என்று அனுப்பியதோடு சரி, சிலர் இந்தியில் ஏதோ கேட்டார்கள். சேர்ந்தது ஒரே ஒரு பையன், அவனும் எங்கள் மாணவி ஒருத்தியின் தம்பி. வேறு எந்த ஆப் வாங்கினால் பலன் கிடைக்கும்?
*வாசகர், உச்சிப்புளி*

பதில்: ஆப் எதுவும் வாங்க வேண்டாம். அந்த 40 கிலோமீட்டர் வட்டத்தை ஒரு தடவை மேப்பில் போட்டுப் பாருங்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, வட்டத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். மீன் விளம்பரம் பார்க்காது, அதற்குக் காசும் போகாது, அதனால் அதை விடுங்கள். வில்லங்கம் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற ராமேஸ்வரம். ஒரு இடத்தைக் கொடுத்தால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்துகிற மெட்டா நிறுவனம் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் காட்டுவதில்லை, சமீபத்தில் வந்து போனவர்களுக்கும் காட்டும். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு போனைத் திறக்கிற வடநாட்டு யாத்ரீகருக்கு உங்கள் குரூப் 4 போஸ்டர் போயிருக்கிறது, அவரும் என்னவென்று தெரியாமல் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த முறை பூஸ்ட் பட்டனைத் தொடாமல் மெட்டாவின் முழு விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜர் வழியாகப் போங்கள். பெருங்குளம், இருமேனி, புதுமடம், வேதாளை, மண்டபம் என்று அதிலுள்ள மேப்பில் ஊர் ஊராகப் பின் குத்தி, ஒவ்வொன்றுக்கும் சில கிலோமீட்டர் போதும் என்று சுருக்குங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகள் வேண்டும் என்றால் அவற்றையும் தனியாகக் குத்தலாம், ராமேஸ்வரம் நகரை மட்டும் விலக்கி வையுங்கள். வயது 18 முதல் 32, மொழி தமிழ். நாளைக்கு 150 ரூபாய் வைத்து நான்கு நாள் ஓட்டிப் பார்த்தால் போதும், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

அதற்கும் முன்னால் காசில்லாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை, கூகுள் மேப்பில் உங்கள் சென்டரைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் புரொஃபைல். எனக்குத் தெரிந்த தட்டச்சுப் பயிலகம் ஒன்றின் மேப் பின், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் கிடந்தது. இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை, தேடி வந்தவர்கள் அங்கே நின்று போன் போட்டுத் திட்டிய பிறகுதான் தெரிந்தது. உங்கள் மேப் பின் காட்டுகிற வழியில் நீங்களே பைக்கில் போய்ப் பாருங்கள். வகுப்பு நேரம், வாசல் படம், பஸ் ஸ்டாப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பெண்பிள்ளையை அனுப்புகிற அம்மா பார்ப்பது அதைத்தான். விமர்சனம் எழுதச் சொல்லிப் பழைய மாணவர்களிடம் கேட்கலாம், ஆனால் ஐந்து ஸ்டார் போட்டால் பீஸில் 200 ரூபாய் குறைப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது கூகுள் விதிக்கு விரோதம், கண்டுபிடித்தால் விமர்சனங்களைத் தூக்கிவிடுவார்கள்.

என்ன வீடியோ போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆள் வருவது அதில்தான் என்பது என் கணிப்பு. குரூப் 4-ல் 200 கேள்வியில் 100 தமிழ், அந்தப் பகுதிக்கான 150 மதிப்பெண்ணில் 60 வாங்காவிட்டால் மிச்சத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பல பேருக்கு இது பரீட்சை எழுதிய பிறகுதான் உறைக்கிறது. தினமும் ஒரே ஒரு தமிழ்க் கேள்வி, கரும்பலகை முன்னால் நின்று 40 வினாடியில் விளக்குங்கள், நம்ம ஊர்ப் பேச்சிலேயே. போலீஸ் தேர்வுப் பையன்கள் 1,500 மீட்டர் ஓட்டத்துக்கு அரியமான் கடற்கரை மணலில் விடியற்காலை பயிற்சி எடுத்தால் அதையும் எடுத்துப் போடுங்கள், அவர்கள் சம்மதித்தால்.

சம்மதம் என்றதும் ஞாபகம் வருகிறது. தேர்வானவர்கள் படத்தைப் போஸ்டரில் போட வேண்டும் என்றால், முடிவு வந்த பிறகு அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 நவம்பர் வழிகாட்டுதல் சொல்கிறது. அவர் உங்களிடம் எந்த கோர்ஸ் படித்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. 'நம்மிடம் 38 பேர்தானே, இதெல்லாம் பெரிய அகாடமிக்கு' என்று தள்ளிவிடாதீர்கள், முகம் அந்தப் பிள்ளையுடையது.

வாட்ஸ்அப்பில் பிசினஸ் ஆப் வைத்துக்கொள்ளுங்கள், பீஸ், நேரம், டெமோ கிளாஸ் மூன்றுக்கும் ரெடி பதில் எழுதி வையுங்கள். ஒரே மெசேஜைப் பல பேருக்கு அனுப்புகிற பிராட்காஸ்ட், உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் என்கொயரிக்கு வருகிறவர்களை வாசலிலேயே நம்பரை சேவ் செய்ய வைத்து அனுப்புங்கள். காசு கொடுத்து நம்பர் லிஸ்ட் வாங்கி அனுப்பினால் நாலு பேர் ரிப்போர்ட் அடிப்பார்கள், நம்பரே முடங்கிப் போகும்.

அப்புறம் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வேலைக்குப் போகிற அப்பா, அண்ணன் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச இதுதான் நேரம். ஆனால் கையில் காசு இருக்காது. டெமோ கிளாஸை மே மாதம் வையுங்கள், பீஸை ஜூலையிலிருந்து தவணையாக வாங்குங்கள், இதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள்.

கேள்வி: கீழக்கரையில் வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு பிளஸ் டூ கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வீடியோவில் முகம் காட்ட விருப்பமில்லை. பிறகு எப்படி விளம்பரம் செய்வது?
*வாசகி, கீழக்கரை*

பதில்: நோட்டும் பேனாவும் உங்கள் குரலும் போதும் சகோதரி, போனை மேலே கட்டிவிட்டு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். வாட்ஸ்அப் சேனல் ஒன்று தொடங்குங்கள், அதில் சேருகிறவர்கள் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது, பெற்றோர் தயங்க மாட்டார்கள். உங்கள் ஊரில் பல வீடுகளில் பீஸ் கட்டுகிறவர் துபாயில் இருக்கிறார். இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே 8:30, வேலை முடிந்து ரூமுக்கு வந்திருப்பார். வாரம் ஒரு நாள் அந்த நேரத்தில், பிள்ளை என்ன படித்தாள், எங்கே தடுமாறுகிறாள் என்று ஒரு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பிப் பாருங்கள். அவர் அதை அங்கிருக்கிற நாலு ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவார்.

கேள்வி: விளம்பர வாசகத்தை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாமா?
*வாசகர், தொண்டி*

பதில்: வாங்கலாம். வாங்கியதை உங்கள் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்களோ அந்த வரியை அடித்துவிடுங்கள்.